வவ்வாலை ஒழிப்பது எப்படி? தோப்புக்காரர்களுக்கு ஒரு கையேடு

ராஜபாளையத்திலிருந்து மேற்கே, ஆறாவது மைல் நீர்த்தேக்கம் வழியாக அய்யனார் கோவில் போகிற பக்கமெல்லாம் மாந்தோப்பும் தென்னந்தோப்பும்தான். அந்த வரிசையில் உங்களுக்கும் ஒரு தோப்பு இருந்தால், சித்திரை மாதம் விடியக்காலையில் மரத்தடியில் நின்று வவ்வாலைத் திட்டாமல் இருந்திருக்க முடியாது. திட்டுவதோடு நிறுத்திக்கொள்கிறவர்களுக்கு இந்தக் கையேடு பயன்படாது. அடியோடு ஒழித்துவிடுவது என்று முடிவெடுத்தவர்களுக்காக எழுதியது இது. செலவு குறைவு, போலீஸ் தொல்லை இல்லை, பலன் நிச்சயம்.

மற்ற எதிரிகளை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். யானை வந்து தென்னையைச் சாய்த்துவிட்டுப் போனால் அது பெரிய இடத்து விவகாரம். சாம்பல் நிற மலை அணில் மாங்காயைக் கடித்துப் போட்டால் வாயே திறக்கக்கூடாது. 1988-ல் இந்த மலையைச் சரணாலயம் ஆக்கியதே அதன் பெயரில்தான். 2021-ல் மேகமலையையும் சேர்த்துப் புலிகள் காப்பகம் என்றும் அறிவித்தாயிற்று. ஆக, அணிலுக்கு ஒரு போர்டு, புலிக்கு ஒரு போர்டு. வவ்வாலுக்குப் போர்டு கிடையாது. தனக்கென்று ஒரு தகரப் பலகைகூட இல்லாத பிராணியோடு மோதுவதுதான் புத்திசாலித்தனம்.

முதல் வேலை, எதிரியை அடையாளம் காண்பது. இருப்பதிலேயே பெரியது பழந்தின்னி வவ்வால். சிறகை விரித்தால் நாலடி வரும், எடை ஒன்றரைக் கிலோ வரை போகும். கண்மாய்க்கரை ஆலிலோ ரோட்டோரப் புளியிலோ ஆற்றோர மருதிலோ நூற்றுக்கணக்கில் தொங்கிக்கொண்டு, பகலெல்லாம் இடத்துக்காகக் கீச்சிட்டுச் சண்டை போடும். அடுத்தது குட்டைமூக்கு வவ்வால், உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். இந்த இரண்டும் பழம் தின்பவை. இவை போக ஒரு பெருங்கூட்டம் இருக்கிறது, நம் நாட்டு வவ்வால் இனங்களில் பெரும்பாலானவை இந்த ரகம்தான்: பொந்திலும் இடுக்கிலும் பகலைக் கழித்துவிட்டு, ராத்திரி பூச்சியைத் தவிர வேறெதையும் வாயில் வைக்காதவை. உங்கள் மாம்பழத்தை இவை ஏறெடுத்தும் பார்க்காது. ஆனால் நம் நோக்கத்துக்கு இந்தப் பாகுபாடெல்லாம் வேண்டியதில்லை. எல்லாம் தலைகீழாகத் தொங்குகின்றன, அது போதும்.

அடுத்து நஷ்டக் கணக்கு. விடிந்ததும் மரத்தடிக்குப் போங்கள். சப்பட்டையோ பஞ்சவர்ணமோ பாதி தின்றபடி கிடக்கும். கொட்டையோடு ஒட்டிய சதையில் பல் இழுத்த கோடுகள் வரிவரியாகத் தெரியும். பக்கத்திலேயே தட்டையான, காய்ந்த சக்கைகள் சிதறியிருக்கும். வவ்வால் பழத்தைக் கடித்து மென்று, மேலண்ணத்தில் வைத்து நாக்கால் அழுத்திச் சாற்றை மட்டும் விழுங்கிவிட்டு நாரைத் துப்பிவிடும். அந்தச் சக்கைதான் இது. குச்சியால் ஒன்றைப் புரட்டிப் பாருங்கள் (கையால் தொடாதீர்கள், காரணம் பின்னால் வருகிறது). ஆனால் ரொம்பப் பிரித்துப் பார்க்க வேண்டாம். பிரித்தால் அத்தி விதை, ஆலம்பழத் தோல், நாவல், வேப்பம்பழம் என்று உங்களுக்குச் சொந்தமில்லாத சரக்கெல்லாம் வெளியே வந்து வாதத்தைக் கெடுத்துவிடும்.

கீழே கிடப்பது எட்டு என்றால் எண்பது என்று எழுதிக்கொள்ளுங்கள். மாங்காயில் பெரும்பங்கு முற்றிய காயாகவே இறங்கி மண்டியில்தான் பழுக்கிறது. வவ்வாலுக்கோ மரத்திலேயே பழுத்தது வேண்டும். குத்தகைக்காரர் லாரியை ஒரு வாரம் தள்ளிப்போட்டதால்தான் அவ்வளவு பழம் மரத்தில் நின்றது. இந்த மூன்றையும் ஒரே காகிதத்தில் எழுதிவிடாதீர்கள். "நேத்து ராத்திரி ஒரு கூடைப் பழத்தை வவ்வால் தின்னுட்டுப் போயிருச்சு மொதலாளி" என்று காவக்காரர் வந்து நின்றால், "ஏண்ணே, கூடையையுமா தின்னுச்சு?" என்று கேட்பதும் கூடாது. நிஜமான நஷ்டம் கொஞ்சம் இருக்கத்தான் செய்கிறது. வீட்டுப் பின்னால் நாலு மரம் மட்டும் வைத்துப் பழமாக விற்கிற ஆளுக்கு ஒரு மரத்துப் பழம் போனால் வலிக்கும். அந்த ஆளுக்கு யாரும் கையேடு எழுதுவதில்லை.

இனி, ஆண்டாண்டு காலமாகத் தோற்றுப்போன முறைகளைச் சீக்கிரம் பார்த்துவிடுவோம். வெடி வாங்க நாம் வெளியூர் போக வேண்டியதில்லை, சிவகாசி கூப்பிடு தூரம். முதல் நாள் சத்தத்துக்கு வவ்வால் பறந்துபோகும். மறுநாள் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு உட்காரும். ஒரு வாரத்தில் அதற்குப் பழகிப்போய்விடும், பழகாமல் கஷ்டப்படுவது பக்கத்துத் தோப்பில் கட்டியிருக்கிற மாடுதான். நாய் வைத்துப் பார்க்கலாம் என்பார்கள். ராஜபாளையம் நாய் பன்றி வேட்டைக்குப் பேர்போனது. முப்பதடி உயரத்தில் தொங்குவது அதன் இலாகாவில் வராது. போகஸ் லைட் போட்டால் மாம்பழம் பழுத்திருப்பது உங்களுக்கும் நன்றாகத் தெரியும், அவ்வளவுதான்.

வலை விஷயம் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டியது. மீன்பிடிக்கிற மெல்லிய நைலான் வலையைத் தளர்வாக மரத்தின் மேல் போர்த்திவிடுவார்கள். ராத்திரி வந்து விழுகிற வவ்வாலின் விரல் எலும்பில் அது சுற்றிக்கொள்ளும்; உதற உதறச் சிறகுத் தோல் கிழியும்; விடிகிறபோது உயிரோடு, வாயைப் பிளந்துகொண்டு, வலையையும் கடித்துக்கொண்டு தொங்கும். அதை அறுத்தெடுக்கப் போகிறவர் கையையும் கடிக்கும். கூடவே ஒரு ஆந்தையும் மாட்டியிருக்கும். இதற்குப் பதில், சுண்டுவிரல் நுழையாத கண்ணுள்ள வெள்ளை வலையைக் கழி நட்டு விறைப்பாக இழுத்துக் கட்டினால் பழமும் தப்பும், வவ்வாலும் தப்பும். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் வீட்டுத் தோட்டப் பழமரங்களுக்கு 5 மில்லிமீட்டருக்கு மேல் கண்ணுள்ள வலை கூடாது என்று 2021-லேயே விதி கொண்டுவந்துவிட்டார்கள். சின்ன மரங்களுக்கும் ஒட்டுமாவுக்கும் இது நன்றாகவே ஒத்துவரும். இந்த முறையில் வவ்வால் சாகாது என்பதால் இந்தக் கையேடு இதைச் சிபாரிசு செய்யவில்லை.

கவண், துப்பாக்கி, விஷம் பக்கம் போகவே வேண்டாம். முன்பெல்லாம் போகலாம். 1972 வனவிலங்குச் சட்டத்தில் காகம், எலி, சுண்டெலியோடு பழந்தின்னி வவ்வாலையும் ஒரே பட்டியலில் போட்டு, தொல்லை தரும் பிராணிகள், யார் வேண்டுமானாலும் கொல்லலாம் என்று வைத்திருந்தார்கள். ஆஸ்துமாவுக்கு மருந்து என்று சொல்லிச் சுட்டு விற்றவர்கள் பிழைத்தது அந்தக் காலத்தில்தான். 2022 திருத்தத்தில் அந்தப் பட்டியலையே எடுத்துவிட்டார்கள். 2023 ஏப்ரல் 1 முதல் பெரிய பழந்தின்னி இரண்டாம் அட்டவணையில், பாதுகாக்கப்பட்ட பிராணியாக உட்கார்ந்திருக்கிறது. கை வைத்தால் கேஸ்.

அதனால்தான் இந்தக் கையேட்டின் மைய உபாயம் வேறு: வவ்வால் மேல் கை வைக்காதீர்கள். மரத்தின் மேல் வையுங்கள்.

சட்டத்தைக் கவனமாகப் படித்தவர்களுக்கு இதன் அருமை புரியும். பறவையின் கூட்டைக் கலைத்தாலோ முட்டையை உடைத்தாலோ அதுவும் வேட்டைதான் என்று சட்டம் பெயர் சொல்லியே எழுதியிருக்கிறது. வவ்வால் கூடு கட்டுவதில்லை, முட்டையும் இடுவதில்லை. மரம்தான் அதன் வீடு, தொட்டில், ஆஸ்பத்திரி எல்லாம். அந்த மரம் உங்கள் பட்டா நிலத்தில் இருந்தால் அது வெறும் மரம். அரசு நிலமாக இருந்தால் மாவட்டப் பசுமைக் குழு, அனுமதி என்று கொஞ்சம் அலைய வேண்டியிருக்கும். அதற்கும் ரோடு விரிவாக்கம், மின்கம்பியில் உரசுகிறது, கொப்பு முறிந்து விழும், மரத்தடியில் வண்டி நிறுத்தினால் எச்சம் விழுகிறது என்று நல்ல நல்ல காரணங்கள் தயாராகவே இருக்கின்றன. மனுவில் வவ்வால் என்ற சொல்லே வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எந்த மரம் என்று தேர்ந்தெடுப்பதில்தான் கைத்திறமை. பழந்தின்னிக்கு நூறு மரம் வேண்டியதில்லை. சுற்றுவட்டாரத்தில் உயரமாக, விரிந்த தலையோடு, தண்ணீர்ப் பக்கமாக நிற்கிற ஒரு மரம் போதும். தலைமுறை தலைமுறையாக அதே மரத்துக்கு வரும். பத்து ஊர் வவ்வாலும் ஒரே மரத்தில் என்றால் பத்து ஊர் வேலையை ஒரே நாளில் முடித்துவிடலாம், வேறெந்தப் பிராணியும் இவ்வளவு வசதி செய்து தராது. மரத்தை அடியோடு சாய்க்க மனம் வராவிட்டால் கொப்பை மட்டும் கழித்துவிடுங்கள். அதற்கு ஏற்ற மாதம் பங்குனி, சித்திரை. தாய் வவ்வால் வருஷத்துக்கு ஒரே ஒரு குட்டிதான் போடும், அதுவும் பெரும்பாலும் வெயில் காலத்தை ஒட்டித்தான். நிழல் போனால் மிச்சத்தை வெயில் பார்த்துக்கொள்ளும். 2020 மே மாதம் உத்தரப் பிரதேசத்தில் கோரக்பூர் பக்கம் ஒரு ஊரில் வெக்கை தாங்காமல் நூற்றுக்கணக்கான வவ்வால்கள் மரத்திலிருந்து பொத்துப் பொத்தென்று விழுந்து செத்தன. யார் பேரிலும் கேஸ் இல்லை.

பட்ட மரம் இன்னும் சுலபம். தோப்பு ஓரத்தில் இலை இல்லாமல், பட்டை உரிந்து, நாலு பொந்தோடு நிற்கும் மரத்தைப் பார்த்தால் எந்த விவசாயிக்கும் கண்ணை உறுத்தும். அந்தப் பொந்துகளில் பூச்சி தின்னும் வவ்வால், மைனா, கிளி, ஆந்தை என்று குடித்தனம் ஓடிக்கொண்டிருக்கும்; ஆந்தை பிடிக்கிற எலியைப் பற்றி நமக்கென்ன. செங்கல் சூளைக்குப் பேசிவிட்டால் டிராக்டர் வந்துவிடும். பொந்து உண்டாக ஒரு மரத்துக்கு எத்தனையோ பத்தாண்டு ஆகும், அறுப்பதற்கு அரை மணி நேரம். இந்த விகிதாச்சாரத்தில் லாபம் தருகிற முதலீடு வேறு ஏதாவது உண்டா என்று தெரியவில்லை.

பனை விஷயத்தில் கொஞ்சம் ஜாக்கிரதை வேண்டும். கலெக்டர் அனுமதி இல்லாமல் பனையை வெட்டக்கூடாது என்று 2021 வேளாண் பட்ஜெட்டில் சொல்லிவிட்டார்கள். பரவாயில்லை, காவோலையைப் பற்றி யாரும் பேசவில்லை. குருத்துக்குக் கீழே பாவாடை மாதிரி காய்ந்து தொங்குகிறதே, அந்த ஓலைகளுக்குள்தான் குட்டைமூக்கு வவ்வாலும் சில பூச்சி வவ்வால்களும் பகலைக் கழிக்கின்றன. மரத்தை மொழுமொழுவென்று சிரைத்துவிட்டால் மரம் நிற்கும், சட்டமும் நிற்கும், வவ்வால் நிற்காது. வாழைத் தோட்டத்தில் காய்ந்த சருகை அன்றாடம் உரித்துவிடுவதும் இதே பலனைத் தரும். ஆரஞ்சும் கறுப்புமாகத் தீப்பிழம்பு நிறத்தில் ஒரு சின்ன வவ்வால் உண்டு, அது சுருண்ட வாழைச் சருகுக்குள்தான் தூங்கும். பார்த்தவர்கள் ரொம்பக் குறைவு. நீங்களும் பார்க்க வேண்டாம்.

ஓரிடத்தில் மட்டும் எதிரியின் உழைப்பை மெச்சத் தோன்றும். பாளையங்கோட்டை தூய யோவான் கல்லூரியின் பாலசிங்கும் கூட்டாளிகளும் 1995-ல் வெளியிட்ட ஆய்வில், குட்டைமூக்கு ஆண் வவ்வால் கூடாரம் கட்டுவதை விவரித்திருக்கிறார்கள். நெட்டிலிங்க மரத்திலோ மாடியிலிருந்து திரை போலத் தொங்கவிடுகிற கொடியிலோ உள்ளே புகுந்து, குச்சி குச்சியாகக் கடித்துக் கடித்து எறிந்து, மணியைக் கவிழ்த்தாற்போல் ஒரு குடைவை உண்டாக்கும். வாரக்கணக்கில் தனி ஆளாக இந்த வேலை. முடிந்த பிறகு பெண் வவ்வால்கள் ஒன்றிரண்டாக வந்து குடியேறும். வீடு கட்டி முடிக்காமல் பெண் கேட்டுப் போகாத ஒரே மாப்பிள்ளை. உங்கள் காம்பவுண்டு நெட்டிலிங்கத்தை அளவெடுத்துக் கத்தரித்து வைத்திருந்தால் இந்தச் சம்பந்தம் நடக்காது.

இவ்வளவும் செய்து முடித்த பிறகு சிலர் வந்து ஒரு சந்தேகம் கேட்பார்கள்: மரம் போய்விட்டது, ஆனால் ராத்திரி மாம்பழம் போவது நிற்கவில்லையே? இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. வவ்வால் வீட்டுக்கு வவ்வால் விருந்து வந்தால் நீயும் தொங்கு நானும் தொங்கு. உங்கள் ஊர் ஆலமரத்திலிருந்து கிளம்பியது பக்கத்து ஊர் மரத்தில் போய்த் தொங்கும். ஒரு ராத்திரியில் பல பத்து கிலோமீட்டர் பறக்கிற பிராணிக்கு அங்கிருந்து உங்கள் தோப்பு ஒன்றும் தூரமில்லை. அடிவாரத்திலும் ஓடைக்கரையிலும் இருந்த அத்தியையும் நாவலையும் இலுப்பையையும் நாமே எடுத்துவிட்டதால், வருகிற வவ்வாலுக்கு மாம்பழத்தைத் தவிர வேறு வழியும் இருக்காது. மொரீஷியஸ் அரசு இந்த வேலையைப் பெரிய அளவில் செய்து பார்த்தது. நம்மவர்கள் கரும்புத் தோட்டத்துக்குப் போன அதே தீவுதான். லிச்சியும் மாம்பழமும் போகிறது என்று 2015-லும் 2016-லும் முப்பதாயிரத்துக்கு மேல் பழந்தின்னி வவ்வால்களைச் சுட்டுத் தள்ளினார்கள். விளைச்சல் கூடவில்லை. 2018-ல் அந்த வவ்வால் அழியும் ஆபத்தில் உள்ள இனங்களின் பட்டியலில் ஏறியது.

வவ்வால் போன பிறகு நீங்கள் செய்ய வேண்டிய சில்லறை வேலைகளும் இருக்கின்றன. மாமரத்துக்குக் கவலை வேண்டாம்; மாம்பூவுக்கு ஈயும் தேனீயும் போதும், வவ்வாலுக்கு நீங்கள் கடன்பட்டிருக்கவில்லை. ஆனால் போடிப் பக்கம் இலவ மரம் வைத்திருக்கிற சொந்தக்காரர் யாராவது இருந்தால் ஒரு ஏணியும் தூரிகையும் டார்ச்சும் வாங்கி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். இலவம் பூ அந்தி சாய்ந்த பிறகு மலர்வது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தார் 2005-ல் எழுதிய கட்டுரையில், அந்தப் பூவுக்கு ராத்திரி வந்து தேன் குடித்துவிட்டு, முகமெல்லாம் மகரந்தத்தோடு அடுத்த மரத்துக்குப் போவது வவ்வால் என்று பதிவு செய்திருக்கிறார்கள். இலவு காத்த கிளியைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். அந்தக் கிளி காத்திருந்த காய் எப்படி வந்தது என்று யாரும் கேட்கவில்லை. இலுப்பைக்கும் அதே பல்கலைக்கழகம் 2009-ல் இதே கதையைச் சொன்னது. பழத்தைத் தின்றுவிட்டு இலுப்பைக் கொட்டையைச் சுத்தமாக ஒரே இடத்தில் குவித்துப் போடுவதும் வவ்வால்தான். கோவில் விளக்குக்கு எண்ணெய் ஆட்டியவர்கள் விதை பொறுக்க மரம் மரமாக அலையவில்லை, வவ்வால் தொங்கும் மரத்தடிக்குப் போனார்கள். ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை. வவ்வால் இல்லாத ஊருக்கு அதுவும் கிடைக்காது.

பூச்சிமருந்துக் கடையில் இப்போதே ஒரு கணக்கு தொடங்கிவிடுங்கள். பொந்து வவ்வால் ராத்திரியெல்லாம் பிடித்துத் தின்றது அந்துப்பூச்சிகளையும் வண்டுகளையும். பருத்திக் காய்ப்புழுவின் தாய் ஒரு அந்துதான். நெல்லுக்கும் பருத்திக்கும் நம் ஊரில் இந்த வேலைக்கு என்ன கூலி என்று யாரும் போட்டுப் பார்த்ததாக நான் படிக்கவில்லை. அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தின் எட்டு மாவட்டங்களில் பருத்திக்கு மட்டும் கணக்குப் போட்டு, 2006-ல் வெளியிட்டார்கள்: வவ்வால் செய்கிற காவலின் மதிப்பு ஆண்டுக்குச் சராசரி 7,41,000 டாலர். பஞ்சாலை ஊர்க்காரர்களுக்கு இந்த எண்ணின் அர்த்தத்தை நான் விளக்க வேண்டியதில்லை. நம் வவ்வால் கூலி கேட்டதில்லை. அதனால்தான் யாருடைய பேரேட்டிலும் அதன் பெயர் இல்லை.

இதெல்லாம் சொல்லியும் ஊரில் யாராவது மரத்துக்குப் பரிந்து பேசினால், "நிபா" என்று சத்தமாகச் சொல்லுங்கள். கூட்டம் கலைந்துவிடும். 2018-ல் கோழிக்கோட்டில் என்ன நடந்தது என்பது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிறது. செங்கோட்டை தாண்டினால் கேரளா. பழந்தின்னியின் உடம்பில் அந்த வைரஸ் இருக்கிறது என்பது உண்மை. அதனால்தான் சக்கையைக் கையால் தொடாதீர்கள் என்றேன். கடித்த பழம்தான் ருசி என்று பொறுக்கித் தின்ற காலம் மலையேறிவிட்டது. கடிபட்ட பழத்தைப் புதைத்துவிட வேண்டும், மாட்டுக்கும் போடக்கூடாது. ஆனால் கூட்டத்தில் இதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். 1998-ல் மலேசியாவில் நோய் தொடங்கியது, பன்றிப் பண்ணைக்குள்ளேயே மாமரம் வைத்து, மேலே வவ்வால் தின்று போட்டதைக் கீழே பன்றி தின்றதால் என்பதையோ, ஆஸ்திரேலியாவில் வவ்வாலிடமிருந்து குதிரைக்குத் தாவும் ஹென்ட்ரா வைரஸை இருபத்தைந்து ஆண்டுத் தகவலோடு பார்த்தபோது, காட்டு மரங்கள் நன்றாகப் பூத்த காலத்தில் அந்தத் தாவல் நின்றுபோனதும், காடு இழந்த வவ்வால் ஊருக்குள் வந்து பட்டினி கிடந்த காலத்தில் கூடியதும் தெரிந்தது என்பதையோ எடுத்தால், மரத்தை வெட்டுவது நோயை வீட்டு வாசலுக்குக் கூப்பிடுகிற காரியம் என்று யாராவது கண்டுபிடித்துவிடுவார்கள்.

நெற்றியில் விளக்கும் கையில் மெல்லிய வலையுமாக ஆராய்ச்சி மாணவர்கள் வந்தால் தோப்புக்குள் விடாதீர்கள். ஒருமுறை விட்டதன் பலனை இந்த மலை இன்னும் அனுபவிக்கிறது. 1948-ல் மேகமலையில் ஆங்கஸ் ஹட்டன் என்ற தோட்டக்காரர் ஒரு வவ்வாலைப் பிடித்துப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்பினார். சாதாரணக் குட்டைமூக்கு என்று சீட்டு ஒட்டி அலமாரியில் போட்டுவிட்டார்கள். அங்கேயே கிடந்திருந்தால் ஒரு தொல்லையும் இல்லை. 1972-ல் தாய்லாந்துக்காரர் கிட்டி தோங்லோங்யா அதன் பல்லை எண்ணிப் பார்த்து, இது உலகில் வேறெங்கும் யாரும் கண்டிராத புதுப் பேரினம் என்று சொல்லி, சாலிம் அலி பெயரை வைத்துவிட்டார். அப்புறம் 1993-ல் அதே மலையில் உயிரோடு மறுபடியும் பிடித்தார்கள். இப்போது அது முதல் அட்டவணையில், புலிக்குச் சமமாக இருக்கிறது. காப்பித் தோட்டத்துக்குள் பறந்த ஒரு வவ்வாலால் இவ்வளவு. உங்கள் தோப்பில் பறப்பது என்னவென்று பார்க்க ஆள் விட்டால் எங்கே போய் முடியுமோ.

கடைசியாக ஒரு எச்சரிக்கை. மேலே சொன்ன எல்லாவற்றையும் அரைச் செங்கல் ஒன்று கெடுத்துவிடும். உங்கள் மரத்தடியில் யாராவது ஒரு கல்லை நட்டு மஞ்சள் பூசிவிட்டால் முடிந்தது கதை. முதல் வாரம் கல், அடுத்த வாரம் குங்குமம், மூன்றாவது வாரம் கொப்பில் ஒரு மஞ்சள் துணி, ஆடி பிறந்தால் ஒரு மண்குதிரை. அதற்குப் பிறகு அது மரம் இல்லை. மதுரைப் பக்கம் புளியங்குளத்தில் வயல்களுக்கு நடுவே ஒரு பெரிய ஆலமரம். அதில் ஐந்நூறு வாக்கில் பழந்தின்னிகள் தொங்குவதையும், மரத்தில் முனி இருக்கிறார், வவ்வாலைத் தொட்டால் அவர் சும்மா விடமாட்டார் என்று ஊரே அஞ்சிக் காப்பதையும் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் மாரிமுத்து 1988-ல் எழுதினார். அப்போது பழந்தின்னி சட்டப்படி எலிக்குச் சமம். சர்க்கார் கொல்லலாம் என்று சொன்ன காலத்தில் முனி கூடாது என்றார். ஜனங்கள் முனி பேச்சைத்தான் கேட்டார்கள். வவ்வாலுக்காகத் தீபாவளி வெடியையே விட்டுவிட்ட ஊர்கள் தமிழ்நாட்டில் இருக்கின்றன. நீர் காத்த அய்யனார் வேறு நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறார், கல்லுக்குப் பெயர் தேடவும் வேண்டியதில்லை.

ஆகவே மரத்துக்கு விலை பேசி முடித்த நாளிலிருந்து ரம்பம் வருகிற நாள் வரை அடியில் ஆள் போட்டுக் காவல் காக்க வேண்டும். செவ்வாய், வெள்ளி இரட்டைக் காவல். வயதான பெண்கள் யாரும் எலுமிச்சம்பழத்தோடு அந்தப் பக்கம் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். அப்படியும் ஒரு விடியலில் கல் முளைத்திருந்தால் கோபத்தில் நீங்களே போய்த் தூக்கிவிடாதீர்கள். முதலில் காவக்காரரை எடுக்கச் சொல்லிப் பாருங்கள். அவர் தலையைச் சொறிந்துகொண்டே, "வேற என்ன வேலைன்னாலும் சொல்லுங்க மொதலாளி" என்பார். மரம் அறுக்கிறவருக்குப் போன் போடுங்கள். சாயங்காலத்துக்குள் வாங்கின அட்வான்ஸை அப்படியே மகன் கையில் கொடுத்தனுப்பிவிடுவார்.